ரிசார்ட் கயிற்றுக்கு அந்தப் பக்கம்: ஜமைக்காவில் உங்கள் காசு ஊருக்குள் போய்ச் சேர என்ன செய்யலாம்

டொரண்டோவில் பனி கொட்ட ஆரம்பித்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். இந்த முறை பூண்டா கானாவா, கான்கூனா, ஜமைக்காவா? விமானம், அறை, சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்து ஒரே விலை, ஆல்-இன்க்ளூசிவ். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும், நானும் முதல் தடவை அப்படித்தான் ஜமைக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் நெக்ரிலுக்குப் போனேன். இறங்கியதும் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். ஐந்து நாள் அந்த வளாகத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை.

அந்த ஐந்து நாளும் என் கண் முன்னால் மணலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் நாற்காலியில் நாங்கள். அந்தப் பக்கம், அலை வந்து காலை நனைக்கிற இடத்தில், தலையில் பழத்தட்டோடு ஒரு அம்மா நடந்து போவார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருவார். கயிற்றோரம் ஒரு காவலாளி. அந்த அம்மா உள்ளே வரக் கூடாது, ஆனால் நாங்கள் எழுந்து அவரிடம் போகத் தடையே இல்லை. நாங்கள்தான் போகவில்லை. உள்ளே பழம் வெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான் காசு கட்டியாயிற்றே என்ற நினைப்பு.

அதற்குப் பிறகு மூன்று தடவை ஜமைக்கா போய்விட்டேன், வேறு மாதிரி. ஆல்-இன்க்ளூசிவ் போகாதீர்கள் என்று இங்கே சொல்ல வரவில்லை. எந்த மாதிரி போனாலும் உங்கள் காசில் ஒரு பங்கு அந்தக் கயிற்றைத் தாண்ட வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கயிற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

கடற்கரை எல்லாருக்கும் பொது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பார்படோஸில் அது சரி. ஜமைக்காவில் இல்லை. 1956-ல் வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அலை ஏறி இறங்கும் கரையும் கடலடித் தரையும் அரசுக்குச் சொந்தம் என்றது. ஜமைக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. அந்தக் கரையைப் பயன்படுத்த அரசு உரிமம் கொடுக்கலாம், ஹோட்டல்கள் அந்த உரிமத்தைத்தான் வாங்கி வைத்திருக்கின்றன. கடலில் குளிக்கப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை என்று அந்தச் சட்டம் எதையும் தரவில்லை. ஏற்கெனவே தொழிலாக மீன்பிடித்து வந்தவர்களின் உரிமையை மட்டும் விட்டுவைத்தது. நாட்டுக்கு விடுதலை கிடைத்தது 1962-ல், ஆனால் இந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது.

இதற்கு எதிராக மக்கள் கையில் இருப்பது அதைவிடப் பழைய ஒரு சட்டம், 1882-ஆம் ஆண்டுடையது. ஒரு கடற்கரையையும் அதற்குப் போகும் பாதையையும் பொதுமக்கள் 20 வருடம் இடைவிடாமல் பயன்படுத்தியிருந்தால் அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது என்கிறது அது. போர்ட்லண்ட் மாவட்டத்தில் ஃபேரி ஹில் ஊருக்குக் கீழே வின்னிஃப்ரெட் கடற்கரை இருக்கிறது. அரசின் நகர மேம்பாட்டுக் கழகம் அதை எடுத்து மாற்றியமைக்கப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் விடவில்லை, இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள், 2014-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மாமி பே போன்ற வேறு சில கடற்கரைகளுக்காக, 2021-ல் தொடங்கிய ஜமைக்கா கடற்கரைப் பிறப்புரிமை இயக்கம் இதே 1882 சட்டத்தை வைத்துத்தான் போராடுகிறது.

வின்னிஃப்ரெட்டுக்கு ஒரு நாளாவது போய்ப் பாருங்கள். கயிறு இல்லை, கை பட்டை இல்லை. மரத்தடியில் ஊர்க்காரர்களே சமைத்துக் கொடுக்கிறார்கள். கடற்கரையைச் சுத்தமாக வைத்திருக்க வாசலில் கொஞ்சம் நன்கொடை கேட்பார்கள், கொடுங்கள். ரிசார்ட் வராமலும் ஒரு கடற்கரை சோறு போட முடியும் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். போர்ட் அன்டோனியோவிலிருந்து கிழக்கே போனால் அதிக தூரமில்லை, ஆனால் மான்டிகோ பேயில் தங்கியிருப்பவர்களுக்கு அது தீவின் மறுமுனை; போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று கிளம்பாதீர்கள், அந்தப் பக்கம் ஓர் இரவு தங்குங்கள்.

ஊர் எப்படி மாறியது

நெக்ரில் 1960கள் வரை ஒரு சின்ன மீனவ ஊர். சாலை வந்த பிறகு முதலில் வந்தவர்கள் ஹிப்பிகள். உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் ஓர் அறை, அந்த வீட்டு அடுப்பிலேயே சாப்பாடு, காசு அந்த வீட்டுக்காரம்மா கையில் நேராகப் போகும். பெரிய ரிசார்ட் 1970களின் நடுவில் வந்தது. 1978-ல் ஓச்சோ ரியோஸ் பக்கம் கப்பிள்ஸ், 1981-ல் மான்டிகோ பேயில் சாண்டல்ஸ் என்று எல்லாம் அடங்கிய ரிசார்ட் என்பதே ஜமைக்காவின் அடையாளமாகிவிட்டது. 2000க்குப் பிறகு ஸ்பெயின் நாட்டுச் சங்கிலி ஹோட்டல்கள் நூற்றுக்கணக்கான அறைகளோடு வடக்குக் கரை முழுக்க வந்திறங்கின. 2024-ல் நெக்ரிலுக்குப் பக்கத்தில் கிரீன் ஐலண்டில் திறந்த ரிசார்ட்டில் மட்டும் 1,000 அறைக்கு மேல்.

இதில் முதலில் அடி வாங்குவது சாப்பாடு விற்பவர்கள்தான். யோசித்துப் பாருங்கள், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஊரிலிருந்தே காசு கட்டிவிட்டு வருகிறவர் எதற்காக வெளியே போய் மீன் வாங்கப் போகிறார்? அடுத்தது படகுக்காரர்கள், ஏனென்றால் பவளப்பாறை பார்க்கப் போவதும் ரிசார்ட் ஒப்பந்தக்காரர் படகில்தான். பிறகு கைவினைப் பொருள் விற்பவர்கள், ஹோட்டல் வரவேற்பறைக்குப் பக்கத்திலேயே பரிசுக்கடை இருக்கிறது. தலை பின்னிவிடும் பெண்கள், அதற்கும் உள்ளேயே ஆள். இப்படி ஒவ்வொன்றாக உள்ளே போய்விட, வெளியே இருப்பவர்களுக்கு மிச்சம் அந்த ஈர மணல் ஓரம்தான். அங்கே நின்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் அதற்கு 'பயணிகளைத் தொந்தரவு செய்தல்' என்று பெயர் வைத்து, தடுக்கத் தனிக் காவல் படையும் போட்டிருக்கிறார்கள். தொந்தரவு சில சமயம் உண்மையிலேயே இருக்கிறது, நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் ஒரு நாளில் இரண்டு பேராவது வாங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர் ஏன் விடாமல் பின்னால் வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மணலே போய்விடுவதும் உண்டு. 2008-ல் ட்ரெலானி மாவட்டத்தில் கோரல் ஸ்பிரிங் என்ற இடத்திலிருந்து சுமார் 500 லாரி மணலை யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கடற்கரையையே திருடினார்கள்! நெக்ரிலில் திருட்டு இல்லாமலேயே மணல் குறைந்து வருகிறது, கடற்புல்லும் பவளப்பாறையும் அழிவது அதற்கு ஒரு காரணம். கரை ஒடுங்கும்போது ஹோட்டல் நாற்காலி வரிசை அப்படியே இருக்கும், சுருங்குவது பழக்காரம்மா நடக்கிற ஓரம்தான்.

பதிவு செய்வதற்கு முன்

சரி, என்ன செய்யலாம்? பெரும்பாலான முடிவு இங்கே வீட்டில் உட்கார்ந்து பட்டனை அமுக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஏழு நாள் போகிறீர்கள் என்றால் நான்கு நாள் ரிசார்ட், மூன்று நாள் உள்ளூர்க்காரர் நடத்தும் விருந்தினர் விடுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நெக்ரிலிலேயே கடற்கரைச் சாலையிலும் மேற்கே பாறைப் பக்கத்திலும் பத்துப் பதினைந்து அறைகள் மட்டும் உள்ள இடங்கள் இருக்கின்றன. தெற்கே டிரஷர் பீச் முழுக்கவே இப்படிச் சின்ன விடுதிகளால் ஆன ஊர். மான்டிகோ பே விமான நிலையத்திலிருந்து நெக்ரிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், முதல் நாளை அதற்கு விட்டுவிடுங்கள். பிள்ளைகள், வயதான அம்மா அப்பா என்று போகிறவர்கள் முழுக்க ரிசார்ட்டிலேயே இருக்க வேண்டியிருந்தால் காலை உணவு மட்டும் சேர்ந்த திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், 'மூன்று மதியச் சாப்பாடு வெளியே' என்று கிளம்பும்போதே முடிவு செய்து, அதற்கான காசைத் தனி உறையில் போட்டு வைத்துவிடுங்கள். இந்த உறை யோசனை சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு வேலை செய்தது இதுதான். அங்கே போன பிறகு 'ஏற்கெனவே கட்டியாச்சே' என்ற எண்ணம் மனுஷனை நாற்காலியை விட்டு எழவே விடாது.

இன்னொன்று. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி ஐந்தாம் வகைப் புயலாகத் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. பெரிய ஹோட்டல்கள் எப்போது திறக்கும் என்பது உடனுக்குடன் செய்தியில் வரும்; தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய சாப்பாட்டுக் கடை திரும்ப எழுந்ததா என்பது எந்தச் செய்தியிலும் வராது. விடுதிக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, பக்கத்தில் யார் யார் கடை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கையில் என்ன காசு

ஜமைக்க டாலர் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 160 கிடைக்கும். அமெரிக்க டாலரை எல்லாரும் வாங்குவார்கள்தான், ஆனால் அதில் விலை கேட்டால் உருட்டி மேலே சொல்வார்கள், மீதிச் சில்லறையும் சரியாக வராது. நூறும் ஐந்நூறுமாக நோட்டு இருந்தால் இளநீர்க்காரரிடமும் பழக்காரம்மாவிடமும் சிக்கலே இல்லை. 5,000 நோட்டை நீட்டாதீர்கள், காலை வேளையில் அதற்கு மீதி தர அவர்களிடம் இருக்காது.

முதலில் வணக்கம் சொல்லுங்கள்

இதை எந்த வழிகாட்டியும் சரியாகச் சொல்வதில்லை என்பது என் குறை. ஜமைக்காவில் ஒருவரைப் பார்த்ததும் 'குட் மார்னிங்' சொல்லாமல் நேராக 'இது எவ்வளவு' என்று கேட்பது மரியாதைக் குறைவு. கடைக்குள் நுழைந்தாலும், வண்டியில் ஏறினாலும், முதலில் அது. மாலையில் 'குட் நைட்' என்று சொன்னால் போகிறேன் என்று அர்த்தமில்லை, வந்தேன் என்று அர்த்தம். நம் ஊரில் தெரிந்த கடைக்காரரிடம் 'என்னண்ணே, நல்லாயிருக்கீங்களா' என்று கேட்டுவிட்டுத்தானே சாமான் பக்கம் திரும்புவோம், அதே பழக்கம்தான்.

வாங்கப் போவதில்லை என்றால் கண்ணைத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். நின்று, முகத்தைப் பார்த்து, 'இன்றைக்கு வேண்டாம், நன்றி, ரெஸ்பெக்ட்' என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 'நாளைக்கு வருகிறேன்' என்று மட்டும் சும்மா சொல்லாதீர்கள். நாளைக்கு அவர் உங்களுக்காக நிற்பார், நான் பார்த்திருக்கிறேன், எனக்கே நேர்ந்திருக்கிறது, நாற்காலியிலிருந்து அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

கஞ்சா விற்பவர்களும் வருவார்கள். அதற்கும் அதே பதில்தான், குரலை உயர்த்தத் தேவையில்லை.

சாப்பாடு

இதில் தயங்கவே வேண்டாம். ரிசார்ட் பஃபேயில் கிடைப்பது வெளிநாட்டுக்காரருக்காகக் காரத்தைக் குறைத்த ஜெர்க் கோழி, அதாவது மசாலா தடவிச் சுடும் கோழி. வெளியே, இரும்பு டிரம்மை இரண்டாக வெட்டிச் செய்த அடுப்பில் சாலையோரம் சுடுகிறார்களே, அந்த பான் சிக்கன் சாப்பிட்டால்தான் நம் நாக்குக்கு ஜமைக்கா புரியும். வெள்ளி, சனி இரவுகளில் புகையைப் பார்த்துப் போனால் போதும். மரவள்ளிக்கிழங்கில் தட்டிச் செய்யும் பேமி, லேசாக இனிக்கும் ஃபெஸ்டிவல் என்ற பொரித்த மாவு, வினிகரில் வெங்காயமும் மிளகாயும் ஊறப்போட்டு மேலே கொட்டிய பொரித்த மீன். கலாலு என்று ஒரு கீரை தருவார்கள், வாயில் வைத்ததும் தெரிந்துவிடும், நம் தண்டுக்கீரை வகைதான். ஆட்டுக்கறிக் குழம்பை எந்தக் கடையிலும் 'கறி கோட்' என்று கேட்கலாம். 1845 மே 10 அன்று ஓல்ட் ஹார்பர் பேயில் முதல் கப்பலில் வந்திறங்கிய இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கொண்டுவந்த சமையல் அது, இன்று கல்யாணமானாலும் இழவானாலும் ஜமைக்கர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

வயிறு கெட்டுவிடுமோ என்று பயமா? உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையில், கண் முன்னால் சூடாக எடுத்துக் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். இங்கே நாம் எப்படிக் கடை பார்த்துச் சாப்பிடுகிறோமோ அப்படியே. பழம் என்றால் முழுசாக வாங்கி, உங்கள் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கைவினைச் சந்தையில்

மான்டிகோ பேயில் ஹார்பர் ஸ்ட்ரீட், ஓச்சோ ரியோஸ், நெக்ரில் எல்லா இடத்திலும் கைவினைச் சந்தை உண்டு. அங்கே கடை வைத்திருப்பவர்களில் பலர் பெண்கள், சிலர் அம்மாவிடமிருந்து கடையை வாங்கியவர்கள். எல்லாக் கடையிலும் ஒரே காந்தப் பொம்மை, ஒரே டி-ஷர்ட் தொங்குவதைப் பார்த்து அலுத்துவிடாதீர்கள், அவற்றில் நிறைய வெளிநாட்டில் அச்சாகி வருவதுதான். 'இதில் உங்கள் கையால் செய்தது எது, இந்த ஊரில் செய்தது எது?' என்று கேளுங்கள். கேட்டதும் சிலர் மேசைக்கு அடியிலிருந்து எடுப்பார்கள். மரச் செதுக்கல், பனையோலைக் கூடை, தொப்பி, தைத்த பை. ஒரு தடவை இப்படிக் கேட்டு வாங்கிய கூடை எங்கள் வீட்டில் இன்றும் வெங்காயம் தாங்குகிறது.

பேரம் பேசலாம், பேச வேண்டும், எதிர்பார்ப்பார்கள். ஆனால் ரிசார்ட் அறைக்கு ஓர் இரவுக்கு 400 டாலர் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டு, இங்கே ஒரு டாலருக்காகக் கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எடுத்து ஒரு விலை கேளுங்கள், இருவருக்கும் நல்லது. தலை பின்னுவதானால் உட்காருவதற்கு முன்பே மொத்தத் தலைக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள், ஒரு பின்னலுக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தால் கடைசியில் மனக்கசப்புதான்.

ஆமை ஓடு, கறுப்புப் பவளம் இவற்றை யார் விற்றாலும் வாங்காதீர்கள். பெரிய சங்கு அழகாக இருக்கும், ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் விமான நிலையத்தில் பறிபோகலாம்.

வண்டி, படகு

பொது வாகனத்துக்கு ஜமைக்காவில் சிவப்பு நம்பர் பிளேட். நம் ஷேர் ஆட்டோ மாதிரி, குறிப்பிட்ட தடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் ரூட் டாக்சிகள் உண்டு. மான்டிகோ பேயிலிருந்து நெக்ரிலுக்கு, வழியில் லூசியா என்ற ஊரில் இறங்கி மாறிப் போகலாம், சுற்றுலா வண்டிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும், வேகமாகவும் ஓட்டுவார்கள். பகலில் மட்டும் போங்கள். சாமானோடு இருந்தால் விடுதிக்காரர் சொல்லும் ஓட்டுநரையே பேசிக்கொள்ளுங்கள், அதுவும் ஊருக்குள் போகும் காசுதான்.

பவளப்பாறை பார்க்க ரிசார்ட் மேசையில் பதிவு செய்வதற்கு முன் கரையில் படகு வைத்திருப்பவரைப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா, உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் சரியென்றால் ஏறலாம். சுற்றுலாத் துறையின் உரிம அட்டையை வியாபாரிகளும் படகுக்காரர்களும் வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களுக்கு

உங்களுக்கு ஊரில் கிடைப்பது ஆறேழு மணி நேரம்தான். ஃபால்மத் துறைமுகம் 2011-ல் திறந்தது, ஒரே கப்பலில் 5,000 பேருக்கு மேல் வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் வேலிக்குள்ளேயே கடைத்தெரு ஒன்று இருக்கிறது, வெளியே போகத் தேவையே இல்லாதபடி. நீங்கள் வாசலைத் தாண்டுங்கள். 1769-ல் உருவான ஊர் அது, பழைய கட்டடங்கள் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. புதன்கிழமை அமைந்தால் அதிர்ஷ்டம்தான், 'பெண்ட் டவுன்' சந்தைக்கு வழி கேட்டுப் போங்கள். சாமானைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள், வாங்குகிறவர் குனிந்துதான் எடுக்க வேண்டும், பெயரே அதனால் வந்தது. அங்கே விற்பது பயணிகளுக்கான பொருள் இல்லை, ஊருக்கான பொருள். ஒரு சட்டை, ஒரு பிளாஸ்டிக் வாளி, கொஞ்சம் மசாலா.

ரிசார்ட்டுக்குள் இருக்கும்போது

வேலை செய்பவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். 2024 கடைசியில் சம்பளமும் வேலை நிலைமையும் சரியில்லை என்று பல ஹோட்டல்களில் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்கள். டிப் கொடுக்கலாம் என்றால் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். சில இடங்களில் வாங்கக் கூடாது என்று விதி, அங்கே வற்புறுத்தினால் அவர் வேலைக்குத்தான் ஆபத்து. அப்புறம், உணவு மேலாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பழம், இந்த மீன், இந்தக் கீரை எங்கிருந்து வருகிறது? விவசாயிகளையும் ஹோட்டல்களையும் இணைக்க 2020-லிருந்து அலெக்ஸ் என்ற இணையத்தளத்தை அரசே நடத்துகிறது, ஆகவே உள்ளூரில் வாங்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பி வந்து விமர்சனம் எழுதும்போது படுக்கை மெத்தென்று இருந்தது என்பதோடு இதையும் எழுதுங்கள். ஹோட்டல்காரர்கள் அதை வரி விடாமல் படிக்கிறார்கள்.

கடைசி நாள்

மிஞ்சிய ஜமைக்க டாலரை இங்கே கொண்டுவந்து மாற்றப் பார்க்காதீர்கள், நல்ல விலை கிடைக்காது. விமான நிலையம் போகிற வழியில் சாலையோரம் வண்டியில் இளநீர் அடுக்கி வைத்திருப்பார்கள். ஓட்டுநரை நிறுத்தச் சொல்லி, அவருக்கும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். குடித்து முடித்ததும் தேங்காயைப் பிளந்து, மட்டையிலேயே ஒரு சீவு சீவி கரண்டி செய்து கொடுப்பார், வழுக்கையைச் சுரண்டித் தின்னுங்கள். உறையில் என்ன இருக்கிறதோ அதை அங்கேயே காலி செய்துவிட்டு வண்டி ஏறுங்கள்.